தங்கசாமிக் கவுண்டரின் வந்தனம்

எங்கள் ஊர் சங்ககிரிக்குக் கிழக்கே இரண்டு மைல். அங்கே வந்து சிலம்பத்தில் பெரிய ஆள் யார் என்று கேட்டால் எவனும் தங்கசாமிக் கவுண்டர் என்றுதான் சொல்வான். அவர் யாரோடு ஆடி ஜெயித்தார் என்று கேட்டுப் பாருங்கள், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். எனக்குத் தெரிந்து அவர் நின்ற ஆட்டம் ஒரே ஒரு தடவைதான் தொடங்கியது. அன்றைக்கும் அவர் ஆடவில்லை.

ஆள் என்னவோ ஆள்தான். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. வெளுத்த வேட்டி, சிவப்புக் கச்சை, எண்ணெய் போட்ட மீசை. கிணற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு ஏக்கர். இருபத்தாறாம் வருஷம் பருத்தி வண்டியோடு சேலம் போனவர், அங்கே ஏதோ ஒரு தேகப்பயிற்சி சங்கத்தின் ஆண்டு விழாவைப் பார்த்துவிட்டார். கர்லாக்கட்டை, குஸ்தி எதுவும் அவர் கண்ணில் விழவில்லை. மேடைமேல் நாற்காலி போட்டு, மாலையோடு உட்கார்ந்திருந்தாரே தலைவர், அவர்தான் கண்ணில் விழுந்தார். அடுத்த மாசமே எங்கள் ஊருக்குச் சிலம்பச் சங்கம் வந்துவிட்டது. தலைவர் கவுண்டர். நாற்காலியும் கவுண்டர் வீட்டு நாற்காலிதான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தன்னுடைய சோளக் களத்தை அவர் சங்கத்துக்கு விட்டார். கம்புக்கோ எண்ணெய்க்கோ யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பலகை எழுதி மாட்டினார். பதிலுக்குச் சங்கத்தார் கடலை பிடுங்குகிற காலத்தில் காடுகளைக் காவல் காக்க வேண்டும், பன்றி விரட்ட வேண்டும், மாரியம்மன் நோம்பியில் கூட்டத்தை ஒழுங்கு பண்ண வேண்டும். பலகையில் இருந்தது இது. நடந்தது வேறு. இத்தனையையும் அங்கமுத்து ஒருத்தன் செய்தான், மற்றவர்கள் சங்கத்தில் இருந்தோம்.

அங்கமுத்து, கவுண்டர் தோட்டத்தில் கவலை ஏற்றம் ஓட்டுகிறவன். விடிந்தது முதல் மாடுகளுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்துவிட்டு, சாயங்காலம் களத்துக்கு வந்து கம்பு எடுப்பான். அவன் சுழற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

கவுண்டர் சுழற்றினால் நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது வந்தனம் மட்டும். ஆட்டத்துக்கு முன்னால் கம்பைச் சுற்றி அடியெடுத்து வைத்து, பூமிக்கும் சாமிக்கும் குருவுக்கும் கடைசியாக எதிராளிக்கும் போடுகிற கும்பிடு அது. அது முடிந்து இரண்டு கம்பும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டால் ஆட்டம் தொடங்கியாயிற்று. கம்பு நுனியில் கரி பூசியிருக்கும். எவன் மேல் கரி அதிகமோ அவன் தோற்றவன். சாதாரண ஆளுக்கு வந்தனம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம். கவுண்டருக்கு எட்டுத் திசை, ஏழு கன்னிமார், கெங்கவல்லியில் யாரும் பார்த்திராத ஒரு குரு, ஊர்ப் பெரியவர்கள், தாசில்தார், தப்பு அடிக்கிறவர்கள், கடைசியில் அவருடைய மயிலைக் காளை. அதற்குள் எதிராளிக்குக் கால் கடுத்துப்போகும். பொழுது இறங்கும். யாராவது மாலை போட்டுவிடுவார்கள். எதிராளிக்கான கும்பிடு வரைக்கும் அவர் வந்ததே கிடையாது.

அவர் சம்சாரம் வள்ளியாத்தாளிடம் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன்.

"ஊட்ல கோழிய முடுக்கச் சொன்னாலுங்கூட நாலு தெசையும் கும்புட்டுப்போட்டுத்தானுங்க முடுக்குவாரு. அதுக்குள்ள அது ராகியத் தின்னுபோட்டுப் போயிரும்" என்றார் அந்த அம்மாள்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். அங்கே சாமான் கொட்டகைகளுக்குக் காவல் ஆள் தேடிக்கொண்டு மணியன் என்று ஒரு காண்ட்ராக்டர் எங்கள் ஊருக்கு வந்தார். கம்பு தெரிந்த ஆளாக வேண்டும், மாசச் சம்பளம், குடியிருக்க ஓட்டு வீடு என்றார். அங்கமுத்து மூச்சுவிடாமல் கேட்டுவிட்டு, நான் வருகிறேன் என்று முன்னால் வந்து நின்றான். அவன் சம்சாரம் சாலம்மாள் அப்போதே குடிசைக்கு ஓடிப்போய்ச் சட்டிபானையை மூட்டை கட்டிவிட்டாள்.

"ஆட்டத்தப் பாத்துப்போட்டுத்தான் ஆளெடுப்பேன். நாலு மணி பஸ்ஸுக்கு நான் போயாகோணும்" என்றார் காண்ட்ராக்டர். "உங்க சங்கத்துல பெரிய கை ஆருங்க? அவரோட இவன் நிக்கட்டும்."

நாங்கள் எல்லோரும் கவுண்டரைப் பார்த்தோம். வேறு யாரைப் பார்ப்பது? அவருக்கோ கவலை ஓட்டுகிற ஆள் கையைவிட்டுப் போகிறானே என்று வயிறு எரிந்தது. ஆனால் ஓட்டுகிறவனைப் பிடித்து வைக்க அவருக்கு வழி தெரியும். கச்சையைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். மணி மூன்று.

கிழக்கே கும்பிட்டார். தென்கிழக்கே கும்பிட்டார். கன்னிமார் ஏழு பேருக்கும் தனித்தனியாக. அங்கமுத்து கம்பை ஊன்றியபடி நின்றான். காண்ட்ராக்டர் முதலில் தலையாட்டி ரசித்தார், பிறகு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். தாசில்தார் முடிந்து தாசில்தார் கச்சேரிக் கட்டடத்துக்கு ஒரு கும்பிடு விழுந்தது. அது அன்றைக்குப் புதுசு. ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"செரி, நான் வாரனுங்க" என்று காண்ட்ராக்டர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

பெண்கள் பக்கமிருந்து சாலம்மாள் கத்தினாள். "மாமா! பஸ்ஸு போயிரும் மாமா! அவரு கும்புட்டுக்கிட்டே கெடக்கட்டும், நீ உன்ற சோலியப் பாரு!"

அங்கமுத்து இரண்டு எட்டு வைத்தான். "பண்ணாடி, கோவிச்சுக்காதீங்க" என்று முதலாளியிடம் சொல்லி, ஆகாயத்தில் நின்றிருந்த கவுண்டர் கம்பைத் தன் கம்பால் ஒரு தட்டுத் தட்டினான்.

"டேய், மயிலக் காளைக்கு இன்னம் பாக்கி கெடக்குதுடா!" என்றார் கவுண்டர்.

அதற்குள் நெஞ்சில் ஒன்று, தோளில் ஒன்று, தொப்புளுக்கு மேலே ஒன்று. வெறும் உடம்பில் மூன்று கரிப் பொட்டு. பூ விழுந்த மாதிரிதான் தொட்டான், வலித்திருக்காது. காண்ட்ராக்டர், "போதும், ஏறுடா" என்றார். சாலம்மாள் மூட்டையோடு அவனுக்கு முன்னால் பஸ் ஏறியிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சங்கம் கூடியது. கவுண்டர் எழுந்து, தான் தோற்கவில்லை, வந்தனத்தில் இருந்தவனைத் தொட்டது ஆட்டமே இல்லை என்றார். நாங்களும் ஆமாங்க என்றோம். வந்தனம் செய்கிறவர் கம்பை அவர் சம்மதம் இல்லாமல் எவரும் தொடக் கூடாது என்று புதிதாக ஒரு விதி போட்டார்கள். மூணாங்கிளாஸ் வரை போனவன் நான் என்பதால் பலகையில் எழுதியதும் நானே.

அந்த விதியின் ருசி எங்கள் ஆட்களுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டது. வந்தனத்தை முடிக்காதவனுக்குத் தோல்வி கிடையாது. அப்புறம் எவன் முடிப்பான்? செவ்வாய்க்குச் செவ்வாய் இருபது பேர் களத்தில் நின்று ஆளுக்கொரு திசையாகக் கும்பிட்டுவிட்டு, ஒருவரையொருவர் வாத்தியாரே என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவனெல்லாம் சங்கத்தில் சேர்ந்தான்.

அந்த வருஷம் கடலைக் காட்டில் பன்றி இறங்கியது. மூன்று காடு போயிற்று, நாலாவது கவுண்டருடையது. அவர் என்னைக் கூப்பிட்டு, "மேட்டூருக்குப் போயி அந்தப் பயலை ஒரு பத்து நாளைக்கு வரச் சொல்லு. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு" என்றார்.

போனேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான் அங்கமுத்து. டீ வாங்கிக் கொடுத்தான். சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"பண்ணாடி மன்னிச்சுட்டாருங்களா?" என்று கேட்டான். சிரிக்கவில்லை. "இருவது பேரு இருக்கறீங்க. அத்தன பேருக்கும் கையில கம்பு இருக்குது. நான் எதுக்குங்க?"

டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்தேன். ஊருக்குத் திரும்பி, ஆள் அகப்படவில்லை என்று கவுண்டரிடம் சொல்லிவிட்டேன்.