துரையின் சுவரில் தொங்கிய பாதை

இரண்டு வாரங்களுக்கு முன் மாரியாயி கண்டிக்கு வந்திருந்தாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். நில அளவையாளரான என் கணவர் முன்பு அம்மலையில் கூடாரமடித்தபோது, அவருடைய அளவுச் சங்கிலியைச் சுமந்தவள்.

“புதுத் துரை, தண்ணி விழுற பீலிக்குப் போற பாதையில முள்ளுக்கம்பி அடிச்சிட்டாரும்மா. கேட்டா, இங்க பாதையே இருந்ததில்லைங்கிறாரு. தண்ணிக்கு ஒரு மைல் சுத்தணும். மருமவளுக்கு ஏழு மாசம்... குடத்தோட எப்பிடி ஏறுவா?”

தோட்டத்தை நடத்தும் துரை வந்து ஆறு மாதம். அதற்கு முன் அந்த மலையே இருந்திருக்காது போலும்!

என் கணவர் அலுமாரியிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். அடடா, என்ன நேர்மை! துரையின் பங்களா கொட்டை எழுத்தில். டென்னிஸ் மைதானம் உண்டு. குதிரை லாயமும் உண்டு. தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் லயங்களோ — ஆறு கறுப்புக் கோடுகள். பெயரா? எதற்கு?

ஆனால், லயத்திலிருந்து பீலிவரை ஒரு புள்ளிக்கோடு ஏறிச் சென்றது.

“இதை மட்டும் எப்படி மறக்காமல் வரைந்தீர்கள்?” என்றேன்.

“எங்களுக்கும் தண்ணி விடாய்க்கும்தானே? நாங்களும் அதாலைதான் போனனாங்கள்.”

அதிகாரிகளுக்குத் தாகம் எடுத்த இடங்களில் வரைபடங்கள் உண்மை பேசுகின்றன!

மாரியாயி குனிந்து பார்த்தாள். “அட, துரை இதைத்தானே ஆபீசுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு! பங்களா பேரு அச்சுல இருக்குன்னு வர்றவுகளுக்கெல்லாம் காட்டுவாரே!”

“டென்னிஸ் மைதானத்திலையிருந்து ரண்டு விரல் மேலை பார்,” என்றார் கணவர். எழுத்தறியாத அவள், விரலை வைத்து மூன்று முறை அளந்தாள்.

“வேலையை விட்டு நிறுத்திவிட்டால்?” என்றேன்.

“பயமாத்தாம்மா இருக்கு. அதுக்காகத் தண்ணி குடிக்காம இருக்க முடியுமா?”

நேற்று மீண்டும் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “சம்பளத்துக்கு ஆபீசுல நின்னப்ப பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்திருந்தாரு. நம்ம துரை படத்துல பங்களாவைக் காட்டுனாரு. ‘நீங்க இல்லேன்ன பாதையும் இதுல இருக்குங்க தொரை’ன்னு நானும் விரலை வச்சேன். வந்தவரு குனிஞ்சு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு!”

உரிமை சாதிக்காததை ஒரு விருந்தாளியின் சிரிப்பு சாதித்தது. மறுநாள் காலையில் முள்ளுக்கம்பி இல்லை. மருமகள் பழைய பாதையிலேயே தண்ணீர் எடுக்கிறாள்.

வரைபடமும் சுவரில் இல்லையாம். அங்கே இப்போது துரையின் நாய் படமாகத் தொங்குகிறது... அது எதையும் காட்டிக்கொடுக்காது.