தரை காய்ந்திருந்த காரணம்

என் கணவருடைய பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் எங்கே ஒழுகுகிறது என்றே பிடிபடவில்லை. ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கட்டை மூன்று முறை மாற்றியும் ஒழுக்கு நிற்காததால், அழாத குறையாக இருந்தார். பிறகு ஒரு வாரம், கார் நிற்கும் வீட்டு முகப்புத் தரையில் சொட்டே காணோம். அதை நம்பிக் கிளம்பினோம்.

திருக்கோஷ்டியூர் வழியில் காரில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, இன்ஜின் தடதடத்தது. உடனே அணைத்து, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினார். நுனியில்கூட ஆயில் இல்லை.

"தரை காஞ்சுதானே கெடந்துச்சு!" என்று தலையில் கைவைத்துச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மகளைப் பொண்ணு பாக்க வாறாகன்னு தெனமும் வெள்ளன எந்திரிச்சு, சொட்டிக் கெடந்த எண்ணெயை நாந்தாங்க தரையில தேய்ச்சு விட்டேன். ஆத்தங்குடிக் கல்லுத் தரை மினுங்க எண்ணெ நல்லதுதானே?"



இப்போது சொட்டினால் தெரியக் காருக்கு அடியில் அட்டை விரிக்கிறேன். அவர் குனிந்து பார்க்கும்வரை அங்கே துணி போட்டுத் துடைப்பதில்லை. அந்தக் கல் இன்னும் மினுங்குகிறது. எனக்குத்தான் பார்க்கக் கூசுகிறது.