கல்லில் இடமில்லாத கோல்கீப்பர்

அந்தக் காலத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் எங்கள் கால்பந்து கிளப்புக்கு மைதானமே கிடையாது. ஞாயிறுதோறும் கோல் கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்டவன் எங்கள் கோல்கீப்பர் பெர்த்தோல்ட். நாஜிகள் வந்ததும், யாரும் உத்தரவிடும் முன்பே, யூதர்கள் என்று அவனையும் என்னையும் கிளப் நீக்கியது. நான் வெளிநாட்டுக்குத் தப்பினேன். அவனை வதைமுகாமில் கொன்றார்கள்.

போர் முடிந்து திரும்பினேன். இறந்த ஆட்டக்காரர்களின் பெயர் வெட்டிய நினைவுக்கல்லை நட்டு, கிளப்பார் எல்லோரும் கூடியிருந்தார்கள். வதைமுகாமில் காவலனாக இருந்து செத்தவன் பெயர்கூட அதில் இருந்தது.

"பெர்த்தோல்ட் பேர் எங்கடா?" என்று, கல்லுக்கு மாலை போட்டுத் திரும்பிய கிளப் தலைவன் எர்வினின் சட்டையைப் பிடித்தேன்.

"சாகும்போது உறுப்பினரா இருந்தவங்க பேரத்தான் வெட்டுவோம். நம்ம கிளப் வழக்கம் உனக்குத் தெரியாதா?"

அவன் கையைப் பிடித்து எல்லோர் முன்னும் தூக்கினேன்.

"அவன நீக்கணும்னு அன்னைக்குக் கூட்டத்துல முதல்ல தூக்கின கை இதுதானேடா! இந்தக் கையாலயா கல்லுக்கு மாலை போட்ட?"