கும்பிட்டதால் ஃபெயில்

"ஏனுங்க அம்மணி, கண்ணுல டப்பாவைக் கட்டிக்கிட்டுக் காத்துல தெச்சா, அந்த ஆளு டெய்லரான்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

பனியன் கம்பெனியின் பயிற்சி அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே லைன் சூப்பர்வைசர் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு, "கம்ப்யூட்டர் ஆள் பார்த்து மார்க் போடாதுங்க சார்" என்றேன்.

விஆர் கண்ணாடியை மாட்டினால் எதிரே ஓவர்லாக் தையல் மெஷின் நிஜம்போலப் படமாகத் தெரியும். டெய்லர் வேலைக்கு வருபவர்கள் அதில் தைத்துக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மார்க் போடும். நான் கையெழுத்துப் போடுவேன்.

மூன்றாம் வாரம் ஓர் அக்கா வந்தார். பல வருடமாக நூல் பிசிறு வெட்டுபவர். சாப்பாட்டு நேரங்களில் தைக்கப் பழகியிருந்தார். தேறினால் டெய்லர், தவறினால் மறுபடி கத்தரிக்கோல். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் இரண்டே நொடியில் திரை சிவந்தது: 'ஊசியருகே கை. தேர்வு முடிந்தது.'

நான் ஃபெயில் எழுதினேன்.

"நான் இன்னும் பெடலையே மிதிக்கலீங்களே கண்ணு" என்றார் அக்கா.

கம்ப்யூட்டரின் நேர்மையை நிரூபிக்க, சூப்பர்வைசரையும் கூப்பிட்டுப் பதிவை ஓட்டினேன். அக்காவின் வலது கை ஊசித் தகட்டைத் தொட்டது. பிறகு கண்ணில் ஒற்றப் போய் கண்ணாடியில் 'டொக்' என்று இடித்தது. மூன்று தடவையும் அதே டொக்.

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படத்துல இருக்கற மெஷினுக்கெல்லாமா கும்பிடு போடுவீங்க?"

"மெஷினுன்னா மெஷினுதானுங்க. தொட்டுக் கும்பிடாம எப்படீங்க மிதிக்கறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செமஸ்டர் லேபில் கீபோர்டைத் தொட்டுக் கும்பிட்டவள் நான். மென்பொருள் செய்தவர்களுக்கு இது தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு?

அக்காவை நிஜ மெஷினில் உட்கார வைத்தேன். கும்பிட்டு முடித்த பிறகே சுவிட்சைப் போட்டேன். டி-சர்ட்டுக்குக் கை வைத்துத் தைத்தார். சூப்பர்வைசர் தையலைப் புரட்டினார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "பிசிறு கூட இல்லீங்க" என்றார், கொஞ்சம் வருத்தமாக. ஃபெயிலை அடித்துவிட்டு டெய்லர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு, அதற்கு முன் நான் ஃபெயிலாக்கிய ஏழு பேரின் பதிவுகளைத் திறந்தேன். இரண்டு பேருக்கு நிஜமாகவே தைக்கத் தெரியவில்லை. மீதி ஐந்து பேரின் பதிவிலும் அதே டொக். அவர்களுக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.