எட்டு வாரம், எட்டுத் திருப்தி

கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ‘எடம் மேடம்’. அந்தத் தொழிற்கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவர்கள் எட்டு வாரம் ஏதாவதொரு பட்டறையிலோ ஆலையிலோ போய் வேலை பழகியாக வேண்டும். இடம் தேடிக் கொடுப்பது அவள் பொறுப்பு. வாசலில் எப்போது பார்த்தாலும் ஒரு தலை எட்டிப் பார்த்து, “எடம் கிடைச்சுதா மேடம்?” என்று கேட்கும். கேட்டுக் கேட்டு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அவளுக்கே முதலில் இடம் கொடுத்தது அவள் அத்தான்தான். பதினொரு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வேலை வேலை என்று ஊர் ஊராக அலைகிற மனிதர். ஆறு வயது மூத்த அக்காவைத்தான் அம்மா என்று பிடித்துக்கொண்டாள். அந்த அக்காவுக்குக் கல்யாணமாகிப் போகும்போது இவளும் கூடவே போனாள். அத்தானுக்கு எரிந்த மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. பிறகு சொந்தமாகவே பட்டறை வைத்தார். கோபக்காரர் இல்லை, கேலிக்காரர். வீட்டுக்கு யார் வந்தாலும், “கல்யாணத்துல எனக்கு ரெண்டு பெட்டி, ஒரு மச்சினி கொடுத்தாங்க. பெட்டி துருப்பிடிச்சுப் போச்சு, மச்சினி இன்னும் நல்லா ஓடிக்கிட்டிருக்கா” என்பார். அவர்தான் படிக்க வைத்தார். தன் சித்தப்பா மகன், பஸ் ஓட்டுகிறவன், அவனுக்கே பார்த்துக் கட்டியும் வைத்தார். அதனால் அவள் புருஷனுக்கும் அவர் அண்ணன் முறை. இரண்டு பக்கமும் அவர் நிழல்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் மோசமாக ஒன்றும் இல்லை. இருபது பிள்ளைகள் இருந்தார்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு பட்டறைக்கும் நடந்தே போவாள். கடைசல் இயந்திரத்தில் நிற்கிற பிள்ளையின் சட்டைக் கை தொங்கினால் மடித்துவிடச் சொல்வாள். முதலாளிகள் அவளைக் கண்டாலே, “வந்துட்டாங்கப்பா, மாமியார்” என்று முனகுவார்கள். பிள்ளைகள் நாற்பதானார்கள், அறுபதானார்கள், எண்பத்து மூன்றானார்கள். ஆள் மட்டும் அவள் ஒருத்திதான். போவது குறைந்து, போனில் கேட்பதானது. போனில் கேட்பதும் நின்று, பிள்ளைகள் எழுதுகிற பயிற்சி நோட்டைப் பார்ப்பதோடு சரி என்றானது. அந்த நோட்டு சனிக்கிழமைதோறும் அவள் மேசைக்கு வரும். எண்பத்து மூன்று நோட்டுகளிலும் வாரா வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கை வீங்கிய ஒரு வருடத்தில்தான் முத்திரைக் கடைக்குப் போய் ஒரு ரப்பர் முத்திரை செய்து வந்தாள். ‘பார்வையிடப்பட்டது. திருப்தி.’ மையில் ஒரு ஒற்று, தாளில் ஒரு குத்து. அரை மணி நேரத்தில் எண்பத்து மூன்றும் முடிந்துவிடும்.

அந்த வருடம் தையல்காரர் ஒருவரின் மகள் மின்சாரப் பிரிவில் இருந்தாள். ஒல்லியான பெண், பேசினால் அளந்து பேசுவாள். மோட்டார் பட்டறைதான் வேண்டும் என்றாள். எடம் மேடம் ஒன்பது பட்டறைகளுக்குப் போன் போட்டாள். ஒருவர், “பொம்பளப் பிள்ளையா? எங்க கடையில கைகழுவக்கூட எடமில்லையே” என்றார். இன்னொருவர், “ரெண்டு பையனா அனுப்புங்க மேடம், தூக்க ஆள் வேணும்” என்றார். கடைசியில் அத்தானைக் கேட்டாள்.

“உனக்கு இல்லாத எடமா? அனுப்பி வை” என்றார் அத்தான்.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தையல்காரர் மகளைக் கூப்பிட்டு, “நம்ம சொந்தக்காரங்க பட்டறை. கண்ணை மூடிக்கிட்டுப் போ” என்றாள். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டது அவள்தான். மற்ற பட்டறைகளைப் பற்றியாவது எப்போதாவது ஒரு சந்தேகம் வரும். அத்தான் பட்டறைக்கு அதுவும் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போவதைப் போய் யாராவது மேற்பார்வை என்பார்களா? சொந்தம், அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

எட்டு வாரம் முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பம்பு ஆலையில் முப்பது வருடம் இருந்தவர், வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார், இறக்கிவிட்டுத்தான் தாளைப் பார்ப்பார். எடம் மேடம் பக்கத்து நாற்காலியில். பின்னால் பெஞ்சில் தங்கள் முறைக்காகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

“எரிஞ்சு போன மோட்டார் ஒண்ணு வருது. பழைய காயிலை வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி என்னம்மா குறிச்சுப்பே?”

தையல்காரர் மகள் யோசித்தாள். “தெரியல சார்.”

“எத்தனை சுத்துன்னு எண்ண வேண்டாமா? கம்பி என்ன கனம், எது எதோட சேர்ந்திருக்கு? சரி விடு. மோட்டாரோட காடிப் பள்ளத்துல கம்பி இறக்கறதுக்கு முன்னாடி உள்ள எதுக்குக் காகிதம் வைக்கிறோம்?”

“தெரியல சார்.”

“எட்டு வாரம் காயில் பட்டறையில என்னதாம்மா பண்ணினே?”

“நோட்டுல எழுதியிருக்கேன் சார்.”

அவர் கண்ணாடியை இறக்கினார். நோட்டைப் பிரித்தார். அவருக்குச் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம்.

“முதல் வாரம். தொலைபேசி எடுத்தேன். அலமாரி துடைத்தேன். பார்வையிடப்பட்டது, திருப்தி.” ஒரு பக்கம் திருப்பினார். “இரண்டாம் வாரம். முதலாளி ஐயாவின் பேரனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஆறாம் வாய்ப்பாடு முடிந்தது. பார்வையிடப்பட்டது, திருப்தி.”

பெஞ்சில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பரவியது. எடம் மேடமும் ஏதோ குழந்தை விளையாட்டைப் பார்ப்பதுபோல் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

“மூன்றாம் வாரம். மேடம், இங்கே என்னை மோட்டாரைத் தொட விடவில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள். பார்வையிடப்பட்டது, திருப்தி. நான்காம் வாரம். மேடம், நான் மூன்றாம் வாரம் எழுதியதைத் தாங்கள் பார்த்தீர்களா? பார்வையிடப்பட்டது…” அவர் நிறுத்தினார். அடுத்ததை மெதுவாகப் படித்தார். “ஐந்தாம் வாரம். மேடம் திருப்தி என்று போட்டிருப்பதால் நானும் திருப்திப்பட்டுக்கொள்கிறேன். பேரனுக்கு எட்டாம் வாய்ப்பாடு.”

பெஞ்சில் சிரித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். எடம் மேடத்துக்குக் காது மடல் சுட்டது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

“இவ்வளவு கஷ்டம்னா நீ என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. “எழுதினேனே மேடம். எழுதுங்க, நான் படிப்பேன்னு சொல்லித்தான் நோட்டைக் கொடுத்தீங்க. நீங்க திருப்தின்னு போட்டதும், பயிற்சின்னா இதுதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தேர்வாளர் பிரின்சிபாலைக் கூப்பிட்டார். “இந்த எட்டு வாரம் செல்லாது. தப்பு யார் மேலேன்னு காலேஜ்லருந்து எழுதிக் கொடுங்க. பிள்ளை மேலேன்னா அவ ஃபெயில், அடுத்த வருஷம் முதல்லேருந்து. காலேஜ் மேலேன்னா வேற எடத்துல நாலு வாரம் ஒழுங்கா முடிச்சுட்டு இந்த வருஷமே பரீட்சைக்கு வரலாம். நாளைக்குள்ள வேணும்.”

அவர் எழுந்து போனதும் பிரின்சிபால் குரலைத் தாழ்த்தினார். “மாணவி உரிய முறையில் தெரிவிக்கவில்லைன்னு ஒரு வரி எழுதுங்க மேடம். பொய்யும் இல்லை பாருங்க, உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லலையே? காலேஜ் தப்புன்னு நாம எழுதிக் கொடுத்தா உங்க பேர்ல விசாரணை வரும். பதினாலு வருஷ சர்வீஸ்.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து பஸ் ஏறினாள்.

அத்தான் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து ஒரு மோட்டாரின் காடிகளில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார். “வாங்க இன்ஸ்பெக்டர் அம்மா!” என்றார். பட்டறைக்குப் பின்பக்கம்தான் வீடு. அக்கா தண்ணீர் எடுத்து வந்தாள்.

“அந்தப் பிள்ளை தங்கமான பொண்ணும்மா” என்றார் அத்தான். “பேரன் கணக்குல முதல் மார்க், தெரியுமா? ஏழெட்டு வருஷம் முன்னாடியே அனுப்பியிருந்தா உன் மகனையும் தேத்தியிருக்கலாம்.”

“அவ காயில் கட்டக் கத்துக்க வந்தா அத்தான்.”

“பொம்பளப் பிள்ளை. கையெல்லாம் வார்னிஷ் அப்பிக்கிட்டு, கம்பி கிழிச்சு… நாளைக்கு அவங்க அப்பா வந்து என்னைக் கேட்க மாட்டாரா? நல்லதுக்குத்தான் உள்ள உட்கார வெச்சேன்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அத்தான் கம்பியைக் கீழே வைத்தார். கேலி போய்விட்டது. “நீ கேட்டியாம்மா? உன் காலேஜுக்கும் இங்கேயும் பஸ்ல இருபது நிமிஷம். எட்டு வாரத்துல ஒரு நாள் வந்து, அந்தப் பிள்ளை எப்படியிருக்கான்னு கேட்டியா? நீ வரலேன்னதும் இது ஏதோ சும்மா சம்பிரதாயம்னு நானும் விட்டுட்டேன்.”

அந்தப் பெண் சொன்னதையேதான் அத்தானும் சொல்கிறார். இருவரும் அவளைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

நாளை எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அதுல இவர் பேரு வருமாடி?”

“பட்டறை பேரு வரும்க்கா.”

“உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ பெத்தவங்க எடத்துல கையெழுத்துப் போட்டவர்டி.”

“விடு, அவ எழுதட்டும்” என்றார் அத்தான். “எழுதாம விட்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகும்ல? எழுதட்டும். ஆனா இனிமே இங்கே பிள்ளைங்களை அனுப்பாதே. எனக்குச் சொல்லிக் கொடுக்க வராது போல.” மறுபடியும் கம்பியை எடுத்தார். அவள் கிளம்பும்போது ‘சாப்பிட்டுப் போ’ என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் தன் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில் ‘பணிப்பளு காரணமாக’ என்று தொடங்கினாள். கிழித்தாள். இரண்டாவதில் ‘எண்பத்து மூன்று மாணவர்களுக்கு ஒரே பொறுப்பாளர்’ என்று வந்தது. உண்மைதான், ஆனால் அதைப் படிக்கிறவர்களுக்கு அவள்மேல் பரிதாபம் வரும்போல் இருந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் நான்கே வரி. ‘நான் ஒரு நாளும் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. நோட்டைப் படிக்கவில்லை. படிக்காமலே முத்திரை போட்டேன். மாணவி எட்டு வாரமும் உண்மையையே எழுதியிருக்கிறாள்.’ கீழே கையெழுத்து.

பிரின்சிபால் படித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பூசி எழுதியிருக்கலாமே” என்றார்.

“பூசித்தான் சார் இவ்வளவு நாள் ஓட்டினேன்” என்றாள்.

விசாரணை வந்தது. ஒரு வருடத்துக்குச் சம்பள உயர்வு நின்றது, ஒரு கண்டனக் கடிதமும் வந்தது. அதெல்லாம் அவளைப் பெரிதாகத் தொடவில்லை. யாரும் கேட்காமலே ஒன்றைச் செய்தாள். அலமாரியில் இருந்த அந்த வருடத்து மற்ற நோட்டுகள் எண்பத்து இரண்டையும் இறக்கி, தினமும் நாலைந்தாகப் படித்தாள். பாதிக்கு மேல் நன்றாகத்தான் போயிருந்தது. ஆனால் ஒரு பையன் ஆறாவது வாரத்தில் ‘விரலில் அடி, மூன்று நாள் வரவில்லை’ என்று எழுதியிருந்தான். இன்னொருவன் நடுவில் ஒரு பக்கம் முழுக்க எதுவுமே எழுதாமல் விட்டிருந்தான். வெற்றுப் பக்கத்திலும் திருப்தி. யாரும் பார்க்காத அறையிலும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தையல்காரர் மகளுக்கு அந்தத் தேர்வாளரே ஒரு பம்பு பட்டறையில் இடம் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் வாரம் எடம் மேடம் அங்கே போனாள். தகரக் கூரை, உள்ளே சூடு. அந்தப் பெண் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, காடிகளில் காகிதம் செருகிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் பழுப்பு. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, “அந்த மூலை தூக்கிக்கிட்டிருக்கு பாரு, கம்பி உரசும்” என்றார். அவள் எடுத்து மறுபடி வைத்தாள். மேடத்தைப் பார்த்ததும் எழுந்தாள், வணக்கம் சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“நல்லா போகுதாம்மா?”

“போகுது மேடம்.”

“வேற ஏதாவது… சொல்லணும்னா சொல்லு. நான் வாரா வாரம் வருவேன்.”

“சரிங்க மேடம்.” கையில் காகிதத்தோடு நின்றாள். உட்கார்ந்து வேலையைத் தொடரலாமா என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது மேடத்துக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

“நீ பாரும்மா, வேலையைப் பாரு.”

அந்தப் பெண் உடனே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி தாழ்ந்த குரலில், “யாரும்மா இவங்க? உங்க டீச்சரா?” என்று கேட்டார்.

“காலேஜ்லருந்து வந்திருக்காங்க” என்றாள் அந்தப் பெண், காடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடம் மேடம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரலில் அடிபட்ட பையன் வேலை பழகிய பட்டறை எந்தத் தெருவில் என்று மேஸ்திரியிடம் வழி கேட்டுக்கொண்டு நடந்தாள்.