நான் மொழிபெயர்த்த ஒப்பாரி

இப்போதெல்லாம் என் பெயருக்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் என்று போடுகிறார்கள். புலம்பெயர்ந்தவர்களின் கவிதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறேன். நான் முதன்முதலில் மொழிபெயர்த்த கவிதை எது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது திருவனந்தபுரத்தில், கரமனையில், ஒரு சாவு வீட்டின் நடுக்கூடத்தில் நடந்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு.

எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் நான்தான் வாய். அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்று சமாளிக்கிற அளவுக்கு அவருக்கு மலையாளம் வரும். அம்மா வீட்டிலிருந்தபடியே ஒரு கடைக்குப் பூ கட்டிக்கொடுத்தாள். அவளுக்கு அந்த அளவும் வராது. இருவரும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் கல்யாணம் செய்துகொண்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறி இங்கே இறங்கியவர்கள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன் என்ற ஒரே தகுதியில் ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் என்று எங்கே போனாலும் என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது.

நாங்கள் குடியிருந்தது ரிட்டையரான ஒரு டீச்சரின் வீட்டுக்குப் பின்னால், விறகு போட்டு வைப்பதற்கென்று கட்டிய இரண்டு அறைகளில். டீச்சர் மலையாளி. கணவர் இல்லை, ஒரே மகள் கனடாவில். டீச்சருக்கும் அம்மாவுக்கும் ஆகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு வைத்த பிறகு ஒருதரம் என்று டீச்சர் எங்கள் வாசலில் வந்து நிற்பார். குழாயைச் சரியாக மூடவில்லை, கொடியில் துணி வழியை மறைக்கிறது, பூ நாரை முற்றத்தில் போடுகிறாய் என்று ஏதாவது ஒரு சாக்கு. அவர் மலையாளத்தில் ஏசுவார். அம்மா தமிழில் முணுமுணுப்பாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும் என்பதால் சண்டை சீக்கிரத்தில் முடியாது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். ஆனால் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா என்னைக் கரமனை ஆற்றுப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த டீச்சர், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். எங்கள் இரண்டு பேரையும் வீடுவரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னை நோக்கி விரலை ஆட்டினார். அடித்தவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பயத்தில் நான் சொல்லவில்லை. அம்மா ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த டீச்சர் ஒருநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தவர், அப்படியே போய்விட்டார். மகள் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை உடலைக் கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பெட்டியில் கூடத்தில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் நிலவிளக்கு. பக்கத்தில் ஒரு மாமி மெல்லிய குரலில் ராமாயணம் வாசித்தார். வந்தவர்கள் வெள்ளை உடுத்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பாலில்லாத கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். மகள் வந்தால் வீட்டை விற்றுவிடுவாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதை உடனே வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஏட்டி, அந்தப் பிள்ள வந்ததும் நாம ஓரமா நின்னு கும்பிட்டுட்டு வந்துரணும். வாயத் தொறக்கப்படாது, கேட்டியா. இதையும் விட்டா நமக்கு வேற போக்கிடம் கிடையாது" என்றார். அம்மாவையும் பார்த்துத்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அவள் டீச்சர் போனதிலிருந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டிருக்கவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

மகள் வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராக, கசங்கிய ஜீன்ஸும் சட்டையுமாக வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. யாரோ தோளைத் தொட்டபோதும் அழவில்லை. கூடத்தில் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அம்மா கொண்டையை அவிழ்த்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓரமாக நிற்க வேண்டிய அம்மா, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்தபடி கூட்டத்தை விலக்கிப் போய்ப் பெட்டியின் மேல் விழுந்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த குரல் எனக்குத் தெரிந்த அம்மாவின் குரலே இல்லை. அது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"ஆனை கட்டும் வாசலிலே அரண்மனையா வாழ்ந்தவளே,
என்னப் பெறாத தாயே,
ஆருமத்த பாவி என்ன ஏசி ஏசி வளத்தவளே!"

ராமாயணம் நின்றுவிட்டது. சாயா டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னுடன் படிக்கிற பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அப்பா பாய்ந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தார். "ஏளா, என்ன காரியம் செய்த? எந்திரி. இங்க இதெல்லாம் வழக்கமில்ல." அம்மா அவர் கையை உதறிவிட்டாள். பெரியவர் ஒருவர், "இவரோடு நிறுத்தான் பற" என்று, அம்மாவை நிறுத்தச் சொல்லி என்னை அதட்டினார்.

"வேண்டா. அவர் பாடட்டே" என்றாள் மகள். போன் வைத்திருந்த பையனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மோளே, அம்மா எந்தா பறயணது?"

அம்மா என்ன சொல்கிறாள் என்ற அந்த ஒரு கேள்வியில் என் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. கேட்டது கனடாக்காரி, கேட்டதோ மொழிபெயர்ப்பு. அப்பா சொன்னது எங்கே நினைவிருக்கும்? நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, பள்ளிக்கூட அசெம்பிளியில் செய்தி வாசிக்கிற குரலில் மலையாளத்தில் தொடங்கினேன். வாசலில் யானை கட்டி வாழ்ந்தவளே என்றதும் நாலைந்து பேர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டீச்சரின் பழைய ஸ்கூட்டர் நின்றது. அம்மா புளுகுகிறாள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"சீமையில நீ பெத்த செல்ல மக வருமுன்னே
பேச்சடங்கிப் போனியம்மா, பெட்டியில உறைஞ்சியம்மா!"

இதைச் சொன்னபோது மகளின் உதடு கோணியது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மூச்சு விடாமல் அடுத்த அடிகளுக்குப் போய்விட்டாள். இப்போது குரல் இறங்கி, டீச்சரிடம் தனியாகப் பேசுகிறமாதிரி இருந்தது.

"தாய் செத்த சேதியத்தான் தாக்கல் சொல்ல ஆளில்லையே,
தாங்காம நான் நடந்தேன் தண்ணி ஓடும் படித்துறைக்கு.
முந்தானையில பிள்ளையையும் முடிஞ்சுக்கிட்டு நான் நிக்க,
கன்னத்தில நீ அடிச்சே, கட்டவுத்து இழுத்து வந்தே.
இன்னொருக்க நான் நடந்தா எந்தாயே யாரடிப்பா?"

கேட்டதும் எனக்குள் ஒரு குதூகலம். கடைசியில் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, டீச்சர் அடித்ததை டீச்சரின் மகளிடமே முறையிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குரலை இன்னும் உயர்த்தினேன். அம்மாவின் அம்மா செத்ததை ஊரிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை, அதனால் அம்மா ஆற்றுக்குப் போனாள், என்னைத் தன் முந்தானையில் சேர்த்துக் கட்டியிருந்தாள், டீச்சர் வந்து அடித்து, முடிச்சை அவிழ்த்து, எங்களை இழுத்துவந்தார், இனி ஒருதரம் போனால் யார் அடிப்பார்கள் என்று கேட்கிறாள். சொல்லி முடித்ததும் என் பங்குக்கு, யானை மாதிரி இது பொய்யில்லை, நானே பார்த்தேன், அன்றைக்கு என் ஒரு செருப்புகூட ஆற்றில் போய்விட்டது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

என்னை அதட்டிய பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ராமாயணம் வாசித்த மாமி கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள், அது நான் எதிர்பார்த்த பார்வையாக இல்லை. மகள் மெதுவாக அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்தடவையாக, வாய்விட்டு அலறினாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, அவளுக்காக மறுபடி பாட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் விளக்கு அணைந்துவிடும்போல் இருந்தது.

நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. செத்துக் கிடக்கிறவரைப் பற்றிக் கோள் சொல்லி, மகளையும் அழவைத்தாயிற்று. இனி வீடு எப்படி மிஞ்சும்? அப்பாவிடம் ஓடினேன். அவர் பின்பக்கம் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னை ஏசவில்லை. "அன்னைக்கு நீயும் கூட இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். இருந்தேன் என்றேன். என்னை இழுத்து இறுக்கிக்கொண்டார். வீடு போய்விட்ட துக்கம் என்று நினைத்து நானும் அழுதேன்.

ஆனால் வீடு போகவில்லை. எரியூட்டிவிட்டு வந்த பிறகு மகள் எங்கள் வாசலுக்கு வந்தாள். வீட்டை விற்கப் போவதில்லை, நீங்கள் எப்போதும்போல் இருங்கள் என்றாள். தினமும் போனில் பேசும்போது தன் அம்மா பாதியில், 'வை, பின்வீட்டில் போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு வருகிறேன்' என்று வைத்துவிடுவார், ஏன் அப்படி என்று இவ்வளவு நாளும் தெரியாது என்றாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து மகளுக்கு முன்னால் வைத்தாள். அவளும் சாப்பிட்டாள், அம்மாவும் சாப்பிட்டாள். இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைக் கேட்டபிறகும் ஒருத்தி எப்படிக் கோபப்படாமல் இருக்கிறாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவர், திரும்பி வந்து எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏட்டி, பள்ளிக்கூடம் விட்டா நேரா வீட்டுக்கு வரணும். அம்மா வெளிய எங்க போனாலும் கூடவே போகணும். கையப் புடிச்சுக்கிடணும், விட்டுறப்படாது, கேட்டியா."

நான்காம் வகுப்புக்காரிக்கு, அதுவும் கனடாக்காரிக்கே மொழிபெயர்த்தவளுக்கு, இதைவிட அவமானம் உண்டா? நான் என்ன கைக்குழந்தையா, எனக்கு வழி தெரியாதா என்று காலை உதைத்துக்கொண்டு சண்டை போட்டேன். அப்பா என் கையை எடுத்து அம்மாவின் கைக்குள் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பிறகு வருஷக்கணக்கில் தினமும் அதையே செய்தார். நான் தொலைந்துபோய்விடுவேன் என்றுதான் அவர் பயப்படுகிறார் என்று ரொம்ப நாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.