போனில் அடங்காத பக்கம்

எனக்குச் சமயநல்லூரில் வாடகைத் தொழில். இறந்தவர்களைக் கிடத்துகிற குளிர்பெட்டி இரண்டு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதை ஐஸ் பெட்டி என்பார்கள். ஏற்றிப்போக, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. பெட்டியும் வண்டியும் என் பொறுப்பு, போன் என் மனைவியின் பொறுப்பு. எங்கள் தொழிலுக்கென்று ஒரு இணையதளம் உண்டு. அதுவும் அவள் செய்ததுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் அந்தப் பக்கத்தைச் செய்து முடித்தாள். இடது ஓரத்தில் நாங்கள் போகிற ஊர்களின் பெயர்கள், நடுவில் பெட்டியின் படம், மேலே வலது மூலையில் பூ வேலைப்பாட்டோடு வரைந்த அவளுடைய போன் நம்பர். மதுரையில் ஐஸ் பெட்டி என்று யார் தேடினாலும் எங்கள் பெயர்தான் முதலில் வரும். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். செய்தவள் அவள், பீற்றியவன் நான்.

அந்தப் பக்கத்தில் 'நல்வரவு' என்று ஒரு வார்த்தை இருக்காது. "சாவு விழுந்த வீட்டுக்காரன் பாக்குற பக்கம். இதுல என்னங்க நல்வரவு?" என்றாள். கீழே 'மீண்டும் வருக' போட்டுவிடலாமா என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. துக்க வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை, கிளம்புகிறபோது போயிட்டு வாரேன் என்று சொல்வதும் இல்லை. சொல்லாமல்தான் எழுந்துவர வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் பெட்டியை ஏற்றி வண்டியைக் கிளப்பும்போது பழக்க தோஷத்தில் "போயிட்டு வாரேன்" என்றுவிட்டேன். "பெட்டி ஏத்திக்கிட்டுப் போகையில அதச் சொல்லாதீங்க" என்று கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பேச்சே நின்றுபோனது. நான் கிளம்புவேன், அவள் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான்.

போன் பேசுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எதிர்ப்பக்கம் அழுகைதான் கேட்கும். முகவரி கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் அதட்டமாட்டாள். "பேச முடியலைன்னா பக்கத்துல இருக்குறவங்ககிட்டப் போனக் குடுங்க" என்பாள். யாராவது ஒருத்தர் வாங்கிப் பேசுவார்கள். நான் அதற்குள் பெட்டியைத் துடைத்து வண்டியில் ஏற்றியிருப்பேன்.

பிறகு போன் வருவது குறைந்தது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, நம்ம பக்கம் கீழ எறங்கிருச்சு. இப்ப எல்லாரும் போன்லதான் தேடுறாங்க. போன்ல சரியாத் தெரியாத பக்கத்தக் கீழ தள்ளிவிட்டுர்றாங்க."

"அதெல்லாம் ஊருக்கே நம்மளத் தெரியும். கம்ப்யூட்டர்ல பாரு, எம்புட்டு அழகா இருக்கு."

அவள் என் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். "இதுல நம்ம நம்பருக்குப் போன் போடுங்க பாப்போம்." எழுத்தெல்லாம் கடுகு கடுகாகத் தெரிந்தது. இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினேன். பெட்டி பாதி வந்தது. இழுத்தேன், ஊர்ப் பெயர்கள் வந்தன. ஒருவழியாக மூலையில் நம்பரைப் பிடித்து அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை. அது படமாக வரைந்த நம்பர், எழுதி வைத்துக்கொண்டு தனியாக அடித்தால்தான் உண்டு.

"ஒங்களுக்கே இம்புட்டு நேரம் ஆகுது. அழுதுக்கிட்டு நிக்கிறவன் என்ன செய்வான்?"

அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஆனாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நாலு பேர் புகழ்ந்த பக்கத்தை எதற்குக் கலைக்க வேண்டும் என்கிற வீம்பு. "அடுத்த மாசம் பாப்போம்" என்றேன். அதையே நாலைந்து மாதம் சொன்னேன்.

அந்த நாள் காலையில் ஒரு பெட்டி செல்லூரில் ஒரு வீட்டில் இருந்தது. கீழக்குயில்குடியிலிருந்து போன் வந்தது, இன்னொன்றை ஏற்றினேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பித் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அங்கே இறந்துபோன பெரியவரைப் பெட்டியில் கிடத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மச்சான் கூப்பிட்டார். அவளுடைய அண்ணன், எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். "மாப்ள, தங்கச்சி நெஞ்ச வலிக்குதுன்னு விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். இல்லன்னுட்டாங்க மாப்ள." போனைக் காதில் வைத்தபடி நின்றேன். பெரியவரின் மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கிப் பேசினார். பேசி முடித்து, "அண்ணே, பெட்டியக் கொண்டுபோங்க. நாங்க வேற பாத்துக்கிருவோம்" என்றார். அப்பாவைப் பறிகொடுத்த மனுஷன் சொல்கிற வார்த்தையா அது! கிடத்தியவரை எப்படி எழுப்புவது? வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் என் வண்டியை ஓட்டிவந்து வீட்டில் விட்டார்.

என் வீட்டில் வேறொருத்தன் பெட்டி இருந்தது.

அதற்குள் என் மனைவி இருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்தவர் முறைப்படி எல்லாம் செய்திருந்தார். அவருடைய ஒயர் மட்டும் பிளக் வரைக்கும் எட்டவில்லை. உள்ளே போய் எங்கள் நீள ஒயரை எடுத்துவந்து நானே மாட்டிக் கொடுத்தேன். என் கை பாட்டுக்கு வேலை செய்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போனார். நானும் எத்தனையோ வீட்டிலிருந்து அப்படித்தான் இறங்கிப் போயிருக்கிறேன்.

மச்சானிடம் கேட்டேன். "இந்தப் பெட்டி எப்புடி வந்துச்சு?"

"ஒங்க ரெண்டும் வெளிய இருக்குன்னு தெரியும் மாப்ள. போன்ல தேடுனேன். மொதல்ல வந்தத அமுக்குனேன், ஒடனே எடுத்துட்டாங்க."

"நம்மளது எங்க வந்துச்சு?"

"அத எங்க மாப்ள பாத்தேன்."

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சுற்றியிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். மச்சான் போனை வாங்கி, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, தேடிக்கொண்டே போனேன். எங்கேயோ அடியில் கிடந்தோம், திறந்தால் அதே கடுகு எழுத்து. அவளிடம் காட்டி, நீ சொன்னது சரிதான் என்று சொல்லத் தோன்றியது. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு ஒரு வருஷம் அந்தப் பக்கத்தை யாரையும் தொட விடவில்லை. பெட்டி ரெண்டும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வாரங்கள் உண்டு. "மாத்திருங்க மாப்ள, தொழிலே போயிரும்" என்று மச்சான் சொன்னதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் சொல்வது தொழிலை. எனக்கு அது தொழிலாகத் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அவள் விரல் பட்டது. அதைக் கலைத்தால் உலகத்தில் அவள் செய்தது என்று வேறு என்ன மிச்சம்? மத்தியானங்களில் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அது அடிப்பதே அபூர்வமாகிவிட்டது.

கடைசியில், அவள் நம்பர் ஒரேயடியாக அடிக்காமல் போய்விடுமோ என்கிற பயம்தான் என்னைக் கிளப்பியது. செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு மாடி அறையில் இணையதளம் செய்து கொடுக்கிற ஒரு பெண்ணிடம் போனேன். மனைவி செய்தது, பாதி அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அந்தப் பெண் நான் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, போனுக்குன்னு ஒரு பக்கம் ஏற்கெனவே பாதி செஞ்சு கெடக்கே. வெளியிடாம வச்சிருக்காங்க. அண்ணியா?"

கடைசியாக அதைத் திறந்த தேதியைப் படித்தாள். அந்தக் காலைதான். நான் பெட்டியை ஏற்றியபோது என் மனைவி செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

அதில் பூ வேலைப்பாடு இல்லை, ஊர்ப் பெயர்கள் இல்லை. எல்லாவற்றையும் அவளே எடுத்துவிட்டிருந்தாள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெரிய பச்சைப் பட்டன், அதற்குக் கீழே இரண்டு வரி. 'இங்கே தொட்டால் எங்களுக்குப் போன் வரும். பேச முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.' அவள் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதை நான் ஒரு வருஷமாகக் காவல் காத்திருக்கிறேன். அவள் கடைசியாகச் செய்த வேலை கேட்பாரில்லாமல் உள்ளே கிடந்திருக்கிறது. என்னைப்போல ஒரு மடையன் இருக்க முடியாது.

"இதவே போட்டுரும்மா" என்றேன். அன்றைக்கே முடித்துக் கொடுத்தாள். "ஒங்க போன்லருந்து அமுக்கிப் பாருங்கண்ணே" என்றாள். அமுக்கினேன். என் சட்டைப்பையில் என் மனைவியின் போன் அடித்தது. அவள் போனபிறகு அந்த நம்பருக்கு நான் கூப்பிட்டதே இல்லை. வெளியே எடுத்தேன், காதுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பக்கத்தில் அந்தப் பெண்தான் இருந்தாள். அவளிடம் கொடுத்தேன்.

"ரெண்டு போனும் பக்கத்துல இருந்தா இரையும்ணே. நீங்க வெளிய நின்னு பேசுங்க, கேக்குதான்னு சொல்றேன்."

மாடிப்படியில் இறங்கி என் போனைக் காதில் வைத்தேன்.

"ஹலோ, சொல்லுங்க" என்றது. அந்த நம்பரிலிருந்து ஒரு பெண் குரல்.

எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. "போயிட்டு வாரேன்" என்றேன்.

நான் வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும்.

"சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க."